மனைக்கல் நட்ட இடத்தில் மழைத்தண்ணி எங்கே போகும்?



இந்த மாதப் பாடம் சேமிப்பைப் பற்றியோ பதிவேடு எழுதுவதைப் பற்றியோ அல்ல. மழைத்தண்ணியைப் பற்றியது. "மழைக்கு ஏங்கிக் கிடக்கிற கரிசக்காட்டுல மழைத்தண்ணிக்கு என்ன பாடம்?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இது நம் கடன் தவணையோடும், ஊரணித் தண்ணியோடும், பிள்ளைகளுக்கு விட்டுப்போகிற சொத்தோடும் சேர்ந்த விஷயம். ஊக்குநரோ பிரதிநிதியோ சத்தமாக வாசிக்கட்டும். மற்றவர்கள் நடுவில் நிறுத்திப் பேசலாம். ஒரே கூட்டத்தில் முடியாவிட்டால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு கடன் விண்ணப்பமும் ஒரு கேள்வியும்

சில மாதங்களுக்கு முன் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கடன் கேட்டார். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர். "மூணு சென்ட் மனைக்கா. அப்ரூவல் வாங்குன இடம். முன்பணம் கட்டியாச்சு, மிச்சத்தைத் தவணையா கட்டணும்" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த வயசான உறுப்பினர் கேட்டார்: "ஏம்மா, அது முன்னாடி பருத்திக்காடுல்ல? ஓரத்துல ஒரு ஓடை வருமே, அது இப்ப எங்க போகுது?"

கடன் கேட்டவருக்குப் பதில் தெரியவில்லை. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

எங்களுக்கு அப்போது வேறொரு வீடு ஞாபகம் வந்தது. 2021-ல் இதே போல ஒரு மனைக்கடனுக்கு நாங்கள் பரிந்துரை செய்திருந்தோம். பத்திரம் பார்த்தோம், வருமானம் பார்த்தோம், ஜாமீன் பார்த்தோம். தண்ணி எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகும் என்று ஒருவரும் பார்க்கவில்லை. 2023 டிசம்பர் மழையில் அந்த வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணி. தையல் மிஷின் மோட்டார் போச்சு, அரிசி மூட்டை போச்சு, சுவரில் விரிசல் விழுந்தது. அந்த அக்கா கொஞ்ச காலம் வாடகை வீட்டில் இருந்துகொண்டே மனைக்கடனுக்கும் தவணை கட்டினார். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. நாங்கள்தான் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் தவறிவிட்டோம். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

நம்ம மண்ணைத் தெரிந்துகொள்வோம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, ஓட்டப்பிடாரம் சுற்று வட்டாரத்தில் பெரும்பகுதி கரிசல் மண். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு நமக்குப் பக்கத்தில் இல்லை. கோவில்பட்டி நகரத்துக்குக் குடிதண்ணியே சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணியாகக் குழாயில் வருகிறது. வருடத்துக்குச் சுமார் 65 முதல் 75 செ.மீ. மழைதான் சராசரி. அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடும். அதாவது வருடத்துத் தண்ணி ஒருசில வாரத்தில் வந்து போகிறது.

கரிசலுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் காலத்தில் கால் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வெடிப்பு விடும். முதல் மழைத் தண்ணியை அந்த வெடிப்பு குடித்துவிடும். மண் நனைந்ததும் களி போல ஊதி, வெடிப்பை அதுவே மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு தண்ணி உள்ளே இறங்குவது ரொம்ப மெதுவு. மேலே பெய்வது மேலேயே ஓடும். செம்மண் ஊர்க்காரர்களைப் போல "ஒரு குழி தோண்டினா தண்ணி இறங்கிடும்" என்று நாம் சொல்ல முடியாது.

அதனால்தான் நம் முன்னோர் தண்ணியை மண்ணுக்குள் தேடாமல் மேலேயே நிறுத்தி வைத்தார்கள். காட்டுக்கு வரப்பு, வரப்புக்குக் கீழே ஓடை, ஓடைக்குக் கீழே கண்மாய், நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய். குடிக்க ஊரணி, மாட்டுக்குக் குட்டை. 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் மானாவாரிக் காட்டில் பெய்கிற மழையை அங்கேயே தேக்குவது பற்றித்தான் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணி. ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். நல்ல மழை நாளில் 5 செ.மீ., அதாவது 50 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் விழுவது 2 லட்சம் லிட்டருக்கு மேல். நாம் தூக்குகிற 15 லிட்டர் குடத்தில் எண்ணினால் பதிமூவாயிரம் குடத்துக்கு மேல்.

பத்து ஏக்கர் காட்டை மனை போட்டால் அந்த ஒரு மழைக்கு 20 லட்சம் லிட்டர் கணக்கு. அது காடாக இருந்தபோது உழுத மண்ணும், வரப்பும், பயிரும், புல்லும் பெரும்பகுதியைப் பிடித்து வைத்தன. உத்தேசமாகக் கால் பங்கு வெளியே ஓடியது என்று கொண்டால் 5 லட்சம் லிட்டர். அதே இடத்தில் வீடும் தார்ரோடும் சிமெண்ட் முற்றமும் நிறைந்த பிறகு முக்கால் பங்கு ஓடும். அது 15 லட்சம் லிட்டர். மழை கூடவில்லை, வெளியே வருகிற தண்ணி மட்டும் மூணு மடங்கு ஆகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. வரப்புத் தாண்டி மெதுவாக நாள் முழுக்க வடிந்த தண்ணி, இப்போது ரோட்டில் வழுக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வந்து சேரும். அளவும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. கீழே உள்ள ஓடைக்கும் தெருவுக்கும் இரண்டு பக்கமும் அடி.

மனை போடும்போது என்ன நடக்கிறது?

நான்குவழிச் சாலை வந்த பிறகு நம் பக்கம் ரோட்டோரக் காடுகள் பல மனைக்கல் நட்ட இடங்களாகிவிட்டன. மனை போடுவதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. வீடு எல்லோருக்கும் வேண்டும். நமக்கும் வேண்டும். எப்படிப் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் வரப்புகளைத் தட்டி மட்டம் செய்கிறார்கள். பிறகு சரள் அடித்து ரோட்டை உயர்த்துகிறார்கள். உயர்ந்த ரோடு ஓர் அணை மாதிரி குறுக்கே நிற்கும். மேலே இருந்து வருகிற தண்ணி அங்கே தேங்கி அடுத்தவர் காட்டுக்குத் திரும்பும். ஓடை குறுக்கே வந்தால் ஒரு சிமெண்ட் குழாயைப் போட்டு மூடிவிடுவார்கள்.

அந்தக் குழாயைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம். ஓடை பத்து அடி அகலம், இரண்டு அடி ஆழம் என்றால் தண்ணி போகிற வாய் 20 சதுர அடி. ஓர் அடிக் குழாயின் வாய் முக்கால் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். அந்த ஓடைக்குச் சமமாக வேண்டுமானால் 25 குழாய் போட வேண்டும். ஒன்று போட்டுவிட்டு "ஓடைக்கு வழி விட்டிருக்கோம்" என்று சொன்னால் அது வழியா, வாய்ப்பூட்டா?

இதில் நமக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. நம் மாவட்டத்தில் 2008 முதல் நூறு நாள் வேலையில் எத்தனை வரத்துக்கால்களை, எத்தனை ஊரணிகளை நம் பெண்கள் மண்வெட்டி பிடித்து வெட்டியிருப்பார்கள்! உச்சி வெயிலில் நாம் அள்ளிப்போட்ட மண்ணை, ஒரு மண் அள்ளும் இயந்திரம் ஒரே நாளில் திரும்பத் தள்ளி மூடிவிடுகிறது.

2023 டிசம்பர் சொல்லிக்கொடுத்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. கோவில்பட்டியிலும் அரை மீட்டர் அளவுக்கு மழை. நம் ஊர் ஒரு வருடத்தில் பார்க்கிற மழையில் பெரும்பகுதி ஒரே நாளில் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயிலில் சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் தண்ணி புகுந்தது.

அவ்வளவு மழையை எந்த வாய்க்காலும் தாங்காது, உண்மைதான். எல்லாப் பழியையும் மனைகள் மேல் போட முடியாது. ஆனால் மழை விட்ட பிறகு எந்தத் தெருவில் தண்ணி இரண்டு நாளில் வடிந்தது, எந்தத் தெருவில் பத்து நாள் நின்றது என்று அவரவர் ஊரில் யோசித்துப் பாருங்கள். நாங்கள் போன இடங்களில், பழைய ஊர் மேட்டில் இருந்த வீடுகள் சீக்கிரம் வடிந்தன. பள்ளத்தில் புதிதாக எழுந்த தெருக்களில் தண்ணி போக வழியில்லாமல் நின்றது. தண்ணிக்குத் தன் பழைய வழி ஞாபகம் இருக்கிறது. நாம்தான் மறந்துவிடுகிறோம்.

தண்ணி மட்டும் வருவதில்லை, அழுக்கும் வருகிறது

மழைத்தண்ணி வானத்திலிருந்து விழும்போது சுத்தம். தரையில் ஓடும்போது வழியில் கிடக்கிற எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். புதிய குடியிருப்பிலிருந்து என்னவெல்லாம் வரும்?

வீடு கட்டும் காலத்தில்: ரோட்டோரம் குவித்த மணல், எம்-சாண்ட், தோண்டிப்போட்ட கரிசல் மண், சிமெண்ட் கழுவின தண்ணி, பெயிண்ட். இவை ஓடையை மேடாக்கும். கண்மாயில் வண்டலாகப் படிந்து கொள்ளளவைக் குறைக்கும். பயிரும் புல்லும் இல்லாமல் வெறுமனே கிடக்கிற மண்தான் அதிகம் கரைந்து போகும்.

குடிவந்த பிறகு: பிளாஸ்டிக் பை, வண்டி ஆயில், கோழிக்கடைக் கழிவு, சோப்புத் தண்ணி. எல்லாவற்றையும் விட மோசமானது கக்கூஸ் தொட்டித் தண்ணி. கரிசலில் உறிஞ்சு குழி சரியாக உறிஞ்சாது. மழைக்காலத்தில் தொட்டி நிறைந்து மேலே வழியும். சிலர் ஒரு குழாய் வைத்து மழைநீர் வாய்க்காலிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த வாய்க்கால் ஓடையில் சேர, ஓடை ஊரணியில் சேர, மேட்டுத் தெருவின் கழிவு பள்ளத் தெருவின் குடத்துக்கு வந்துவிடும்.

வயிற்றுப்போக்கு, மஞ்சள்காமாலை, டைபாய்டு எல்லாம் இந்த வழியாக வருகிறவை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரக் கடன் கேட்டு வருகிற விண்ணப்பங்களை ஊக்குநர்கள் எடுத்துப் பார்க்கட்டும். மழை மாதங்களில் எத்தனை என்று எண்ணினால் உங்கள் ஊர்க் கதை தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் முழுவதும் படிக்க வேண்டியதில்லை. இந்த ஆறு விஷயம் தெரிந்தால் போதும்.

1. 2001-ல் உச்ச நீதிமன்றம் உத்தரப்பிரதேசத்து வழக்கு ஒன்றில் தீர்ப்பு சொன்னது. ஊர்க் குட்டையை வீட்டுமனையாகக் கொடுத்த வழக்கு அது. குட்டை, குளம் போன்றவை ஊர் மக்களின் பொதுச் சொத்து, அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி, மனை ஒதுக்கியது செல்லாது என்றது.

2. தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது.

3. ஏரி, கண்மாய்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அரசுத் துறையின் பொறுப்பில் உள்ள கண்மாய்களை அளந்து எல்லை காட்டவும், ஆக்கிரமிப்பை எடுக்கவும் அது வழி சொல்கிறது.

4. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று உத்தரவிட்டது. அதன் பிறகு பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. எனவே "அப்புறம் அப்ரூவல் வாங்கிக்கலாம்" என்ற பேச்சை நம்பி முன்பணம் கட்டக்கூடாது.

5. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை விற்பதற்கு முன்பே ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 'ரெரா எண்' என்று சொல்வது இதைத்தான்.

6. 2019-ன் தமிழ்நாடு கட்டட விதிகள்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் ரோடு போக மிச்ச இடத்தில் 10 சதவீதம் பொது இடமாக விட்டு உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 'பூங்கா' என்று வரைபடத்தில் காட்டுகிற இடம் அதுதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். அப்ரூவல் வாங்கிய மனை என்றால் பத்திரத்துக்குப் பாதுகாப்பு. தண்ணி நிற்காது என்பதற்கு அது ஜாமீன் அல்ல. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மனைக்கடன் கேட்குமுன் பார்க்க வேண்டிய எட்டு

1. மனையை வெயில் காலத்தில் ஒரு தடவை பார்த்தால், மழை பெய்த மறுநாளும் ஒரு தடவை பாருங்கள். விற்கிறவர் காரில் கூட்டிப்போகிற நாளை மட்டும் நம்ப வேண்டாம்.

2. பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிறவரிடமும், ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள்: "இங்க முன்னாடி தண்ணி எந்த வழியா போச்சு?"

3. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும், சர்வே எண்ணுக்கான புலப்படத்தையும் பாருங்கள். அ-பதிவேட்டில் பக்கத்து எண் ஓடைப் புறம்போக்கா, வண்டிப்பாதையா, கண்மாயா என்று எழுதியிருக்கும். இ-சேவை மையத்திலும் கேட்கலாம்.

4. டி.டி.சி.பி. அங்கீகார எண்ணும் ரெரா எண்ணும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

5. அங்கீகார வரைபடத்தில் பூங்கா எங்கே, வாய்க்கால் எங்கே என்று பார்த்து, நேரில் போய் அவை இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

6. மனை ரோட்டை விட உயரமா, பள்ளமா? பள்ளம் என்றால் மண் அடிக்கிற செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். நாம் உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணி போகுமா என்றும் யோசியுங்கள்.

7. ஓடை குறுக்கே வந்தால் பாலமா, குழாயா? குழாய் என்றால் அளவெடுங்கள்.

8. கக்கூஸ் தண்ணி எங்கே போகும் என்று கேளுங்கள். "வாய்க்கால்ல விட்டுக்கலாம்" என்று சொன்னால், மேலே உள்ளவர்களும் அதையேதான் செய்வார்கள். அது நம் வாசலில்தான் வரும்.

நம் ஊர்ப் பக்கம் மனை போட வந்தால்

நாம் மனை வாங்காவிட்டாலும் நம் ஊரணிக்கு மேலே மனை வரலாம். அப்போது மண் அடித்த பிறகு சண்டை போடுவதை விட, கல் நடும்போதே கேட்பது நல்லது. நாம் கேட்க வேண்டியவை இவை:

ஓடை அதன் பழைய அகலத்திலேயே இருக்க வேண்டும். ரோடு கடக்கும் இடத்தில் ஓடை அகலத்துக்குப் பாலம் வேண்டும். ரோட்டோர வாய்க்கால் நிலத்தின் சரிவை ஒட்டிப் போக வேண்டும். முழுக்க சிமெண்ட் போடாமல் புல் வளர்கிற மண் வாய்க்காலாக இருந்தால் தண்ணியின் வேகம் குறையும், மண்ணும் தங்கும். மனைப்பிரிவின் பள்ள மூலையில் ஒரு குட்டை வேண்டும். பெருமழையை அது பிடித்து வைத்து மெதுவாக விடும். தண்ணி ஓடையில் சேரும் முன் ஒரு வண்டல் தொட்டி வேண்டும். அதை வருடா வருடம் புரட்டாசியில் யார் அள்ளுவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கக்கூஸ் தண்ணியும் மழைத்தண்ணியும் சேரவே கூடாது.

எங்கே சொல்வது? கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 தண்ணீர் தினம் என்பதால் இந்தப் பேச்சுக்குப் பொருத்தம். தீர்மானத்தில் 'ஓடையைப் பாதுகாக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல், சர்வே எண், அகலம், எந்த இடத்தில் அடைப்பு என்று எழுதச் சொல்லுங்கள். நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு உட்பட்ட ஆயக்கட்டு உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்புக்குத் தாசில்தார். எதற்கும் வழி இல்லையென்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். மனுவின் நகலும் ரசீதும் குழுவின் கோப்பில் இருக்கட்டும். போட்டோ இரண்டு எடுங்கள்: வெயில் நாளில் ஒன்று, மழை நாளில் ஒன்று.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் நாம் செய்யக்கூடியது

கூரைத் தண்ணியைப் பிடியுங்கள். 500 சதுர அடி மொட்டைமாடியில் 5 செ.மீ. மழைக்குச் சேதாரம் போகச் சுமார் 2,000 லிட்டர் கிடைக்கும். அது 130 குடத்துக்கு மேல். கரிசலில் குழி தோண்டி இறக்குவதை விடத் தொட்டியில் சேர்ப்பதுதான் பலன். பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டு, மாடியைக் கூட்டிச் சுத்தம் செய்த பிறகு பிடியுங்கள். கொசு போகாமல் தொட்டி வாயை வலை கட்டி மூடுங்கள்.

அஸ்திவாரத்தின் பக்கத்தில் தண்ணி நிற்க விடாதீர்கள். நனைந்தால் ஊதி, காய்ந்தால் சுருங்குகிற மண் என்பதால் சுவர் வெடிக்கும். வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாகக் கல் அல்லது சிமெண்ட் பட்டை போடுங்கள். மழைநீர்க் குழியையும் சுவரை ஒட்டித் தோண்ட வேண்டாம். முற்றம் முழுக்கச் சிமெண்ட் போடாமல் கொஞ்சம் மண் விட்டு வேம்போ புங்கையோ முருங்கையோ வையுங்கள். பெரிய மரம் சுவரை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

பாத்திரம் கழுவுகிற தண்ணியை வாழைக்கோ கல்வாழைக்கோ விடுங்கள். கக்கூஸ் தொட்டியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கிணறு, அடிபம்பிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி இருக்கட்டும். வீடு கட்டும்போது மணல் குவியலைச் சுற்றிச் சாக்கு மூட்டை அடுக்கினால் மணலும் மிச்சம், வாய்க்காலும் தப்பும்.

அந்தக் கடன் என்ன ஆயிற்று?

தீப்பெட்டி ஆபீஸ் உறுப்பினரின் விண்ணப்பத்தை நாங்கள் தள்ளுபடி செய்யவில்லை. ஒரு மழை வரைக்கும் பொறுத்தோம். மழை பெய்த மறுநாள் குழுவில் ஐந்து பேர் போய்ப் பார்த்தார்கள். கீழ் வரிசை மனைகளில் கணுக்கால் தண்ணி. மேல் வரிசையில் சேறு மட்டும். ஓடை மனைக்கு வெளியேதான் இருந்தது. ஆனால் உள்ளே போகிற ரோட்டுக்கு அடியில் ஒரே ஒரு ஓர் அடிக் குழாய். சேலை முந்தானையால் அகலத்தை அளந்து வந்தார்கள். மேலே சொன்ன 25 குழாய்க் கணக்கு அவர்கள் கொண்டுவந்த அளவுதான்.

அவர் முன்பணத்தை மேல் வரிசை மனைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். விற்றவர் முதலில் மறுத்தார். ஐந்து பேரும் சேர்ந்து போனதும் ஒத்துக்கொண்டார். விலை கொஞ்சம் கூட, இடம் கொஞ்சம் குறைவு. "ரெண்டே முக்கா சென்டானாலும் காஞ்ச சென்ட்டுக்கா" என்று சிரித்தார். கடன் கொடுத்தோம்.

ஆனால் பாடம் அங்கே முடியவில்லை. அவர் மேட்டுக்குப் போய்விட்டார். கீழ் வரிசையை வேறு ஒருவர் வாங்குவார். அவரும் நம்மைப் போல ஒரு பெண்ணாக, வேறு குழுவில் சேமிக்கிறவராக இருக்கலாம். ஓடைக்குப் பாலம் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறோம். மனு நடக்கிறது. பதில் வந்ததும் இந்தப் பக்கத்தில் எழுதுவோம்.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் ஊரணிக்கும் கண்மாய்க்கும் தண்ணி எந்த வழியாக வருகிறது? தரையில் கோலப்பொடியால் வரைந்து பாருங்கள். வயசானவர்களை முதலில் வரையச் சொல்லுங்கள்.

2. அந்த வழியில் எத்தனை இடத்தில் அடைப்பு? யார் அடைத்தது என்று சண்டை வேண்டாம். எங்கே என்று மட்டும் முதலில் குறியுங்கள்.

3. நம் குழுவில் எத்தனை பேர் மனைத்தவணை கட்டுகிறோம்? அதில் எத்தனை பேர் மழைக்குப் பின் மனையைப் பார்த்திருக்கிறோம்?

4. நம் வீட்டுக் கழிவுத் தண்ணி யார் வீட்டு வாசலுக்குப் போகிறது?

குழு எடுக்க வேண்டிய முடிவு: இனி மனைக்கடன் விண்ணப்பத்தோடு ஒரு தாளைச் சேர்ப்போம். அதில் இரண்டே வரி: 'தண்ணி எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது?' விண்ணப்பிப்பவர் எழுத, உடன் போய்ப் பார்த்த இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போடட்டும். எங்கள் கூட்டமைப்பில் இதைத் தொடங்கிவிட்டோம். உங்கள் குழுவிலும் தீர்மானம் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.